அருவிக்கு ஒரு மோரி

தாராவி
14.5.2023

அன்புத் தங்கை மாரீஸ்வரிக்கு,

அக்கா பேராச்சி எழுதுவது. நானும் உன் அத்தானும் ராஜபாண்டியும் சுகமாக இருக்கிறோம். அங்கே நீ, தாமு தம்பி, குட்டிப்பயல் சோமா எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்? உன் மாமியாருக்கு முழங்கால் வலி குறைந்ததா?

நான் பேனாவை எடுத்தாலே ராஜபாண்டிக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. "ஏம்மா, இந்தக் காலத்துல யாராவது லெட்டர் போடுவாங்களா?" என்கிறான். மும்பைக்குப் பக்கத்தில் டவர் எடுக்காத ஊர் ஒன்று இருக்கிறது என்று சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறான். எழுதுவதை எட்டி எட்டிப் பார்க்கிறான். பார்க்கட்டும். அவன் தமிழை எழுத்துக்கூட்டி முதல் வரியை முடிப்பதற்குள் நான் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்துவிடுவேன்.

விஷயத்துக்கு வருகிறேன். இந்த வருஷமும் எங்கள் மகளிர் குழு உங்கள் பாண்டர்கடா அருவிக்கு வருகிறது. ஆடி பிறக்கும் சமயத்து ஞாயிற்றுக்கிழமை. போன வருஷம் வந்தவர்கள் பேசிப் பேசியே இந்த வருஷம் கூட்டம் இரண்டு மடங்காகிவிட்டது. முப்பிடாதியம்மாள் இப்போதே நல்லெண்ணெய் வாங்கி வைத்துவிட்டாள். அம்பர்நாத் கம்பெனிக்கு வேலைக்குப் போன நீ அங்கேயே தாமுவைப் பிடித்துக்கொண்டு மலையடிவாரத்துக்குப் போனபோது, நம் தெருவில் உன்னைப் பேசாத வாய் கிடையாது. இப்போது அதே வாய்கள், "மாரியாலதான் நமக்கு ஒரு குத்தாலம் கிடைச்சுது" என்கின்றன.

எங்கள் சந்துக் குழாயின் லட்சணம் உனக்குத் தெரியாததா? விடிவதற்குள் வந்து, நாம் கண்ணைக் கசக்குவதற்குள் நின்றுவிடும். தலையில் எண்ணெய் வைக்கலாம், அதைத் தேய்த்து எடுக்கத் தண்ணீருக்கு எங்கே போவது? வருஷம் முழுக்க அறை மூலையில் இருக்கிற மோரியில் குந்தி உட்கார்ந்து, மிச்சம் பிடித்து மிச்சம் பிடித்துத் தலையில் ஊற்றுகிற எங்களுக்கு, போதும் போதும் என்று சொன்னாலும் நிற்காமல் தண்ணீர் விழுகிற நாள் அந்த ஒன்றுதான். இட்லியும் புளியோதரையும் நான் கொண்டு வருகிறேன். நீ டீக்கு மட்டும் பார்த்துக்கொள்.

சோமாவுக்கு என் முத்தங்கள்.

உன் அக்கா,
பேராச்சி

ஆம்பேவாடி
28.5.2023

பாசமுள்ள அக்காவுக்கு,

மாரி எழுதுகிறேன். உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். மாமியார் முழங்காலுக்குத் தைலம் கேட்டிருக்கிறாள், வரும்போது கொண்டு வா. அத்தானுக்கு இருமல் நின்றதா?

நீங்கள் வருவதில் எனக்குச் சந்தோஷம். ஆனால் போன வருஷம் மாதிரி இல்லை இப்போது. யாரோ நம் அருவியைப் படம் பிடித்துப் போனில் போட்டுவிட்டார்கள். அதிலிருந்து மழை தொடங்கினால் போதும், சனி ஞாயிறு என்றால் ரோடு தெரியாத அளவுக்குக் கார். நாங்களும் சோளக்கதிர் சுட்டு விற்கிறோம், டீ போடுகிறோம், அதனால் கூட்டத்தைக் குறை சொல்லவும் வாய் வரவில்லை. திங்கட்கிழமை காலையில் போய்ப் பார்த்தால் பாட்டில், பிளாஸ்டிக் தட்டு, குழந்தைக்குக் கட்டுகிற டயாபர் எல்லாம் பாறைக்குப் பாறை கிடக்கும். ஊருக்குக் குடிதண்ணீர்க் குழாய் அருவி விழுகிற மடுவுக்குக் கீழேதான் தொடங்குகிறது. போன மழைக்காலத்தில் குழாய் வாயில் கட்டியிருந்த வலையை ஷாம்பு பாக்கெட்டுகள் அடைத்துக்கொண்டன. தாமு கையை விட்டு அள்ளிப் போட்டார்.

அதனால் அக்கா, இந்த முறை சோப்பு, ஷாம்பு எதுவும் வேண்டாம் என்று குழுவில் சொல்லிவிடு. உங்களைத் தனியாகச் சொல்லவில்லை. எல்லோருக்கும் சொல்வதைத்தான் சொல்கிறேன். தப்பாக நினைக்காதே.

அன்புடன்,
மாரி

தாராவி
11.6.2023

என் அருமைத் தங்கைக்கு,

உன் கடிதம் வந்தது. இங்கு அனைவரும் சௌக்கியம். உன் அத்தானின் இருமல் போய்விட்டது, பீடி போகவில்லை.

உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் சுருக்கென்றுதான் இருந்தது. எங்களைப் போய் அந்தக் கார்க்காரர்களோடு சேர்த்துவிட்டாயே. புருஷன் வீட்டு மனிதர்கள் முன்னால் தாராவிக்காரர்களைச் சொந்தம் என்று காட்ட உனக்கு வெட்கமாகிவிட்டதோ என்றுகூட ஒரு ராத்திரி முழுக்க நினைத்தேன். காலையில் இட்லி ஊற்றும்போது கோபம் ஆறிவிட்டது. ஷாம்பு பாக்கெட் அடைத்தது உண்மைதானே. அதில் எங்கள் பாக்கெட்டும் இருந்திருக்கும்.

குழுவைக் கூட்டிப் பேசிவிட்டேன். ஒரு ஷாம்பு பாக்கெட் வராது, ஒரு சோப்புக் கட்டி வராது. அத்தனை பேருக்கும் சீயக்காய் நானே திரித்துவிட்டேன். நம் அம்மா திரிக்கிற பக்குவம்: சீயக்காய், பூந்திக்கொட்டை, வெந்தயம், காய்ந்த எலுமிச்சைத் தோல். ஒரு மூட்டை இருக்கிறது. மில்லில் திரிக்கும்போது மாட்டுங்காவிலிருந்து வந்த மாமி ஒருத்தி வாசனை பிடித்துக்கொண்டு எனக்கும் கொஞ்சம் கொடுங்கள் என்று நின்றாள். மரத்தில் காய்த்தது, மண்ணோடு போய்ச் சேரும். உன் மாமியாரிடம் தைரியமாகச் சொல், எங்கள் ஆட்களால் உங்கள் தண்ணீருக்கு ஒரு தூசு கெடுதல் வராது என்று.

தைலம் எடுத்து வைத்துவிட்டேன்.

ஆசையுடன்,
பேராச்சி

தாராவி
19.7.2023

அன்பு மாரிக்கு,

நாங்கள் பத்திரமாக வந்து சேர்ந்தோம். ரயிலில் இடம் கிடைக்காமல் நின்றுகொண்டு வந்தாலும் ஒருத்தி முகத்திலும் களைப்பு இல்லை.

மழை விட்டு அருவி மெலிந்து போனதில் எனக்கு முதலில் மனசு விட்டுப்போயிற்று. கீழே மடுவில் இறங்கிக் குளிக்கலாம் என்று நீ சொன்னதும்தான் உயிர் வந்தது. இடுப்பளவு தண்ணீரில் எல்லோரும் ஒருத்தி முதுகை ஒருத்தி தேய்த்துவிட்டு, மடு முழுக்கச் சீயக்காய் வாசம் அடித்ததே, நினைத்தால் இப்போதும் மணக்கிறது. பிள்ளை பெற்ற பிறகு இப்படித் தலைமுழுகினதே இல்லை என்று சுப்புலக்ஷ்மி சொல்லிக்கொண்டே வந்தாள். கிளம்பும்போது இலை, காகிதம், ஒரு துண்டு நூல்கூட விடாமல் பொறுக்கிச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்துவிட்டோம். பக்கத்தில் காரில் வந்தவர்கள் எங்களை ஒரு மாதிரி பார்த்தார்கள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

சாயங்காலம் நீ மட்டும் முகம் வாடி நின்றாய். அத்தனை பேருக்கும் டீ போட்ட அலைச்சல்தானே? நன்றாகத் தூங்கு. அடுத்த வருஷம் உனக்கும் சேர்த்து நான் எண்ணெய் தேய்த்துவிடுகிறேன்.

உன் மாமியாருக்கு என் வணக்கம். அவளும் ஏன் என்னிடம் சரியாகப் பேசவில்லை?

உன் அக்கா,
பேராச்சி

ஆம்பேவாடி
2.8.2023

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. எல்லோரும் நலம். உன் புளியோதரை நன்றாக இருந்தது என்று தாமு சொன்னார். இங்கே வேலை அதிகம்.

மாரி

தாராவி
3.9.2023

அன்புத் தங்கைக்கு,

நலமா? இது என்னடி கடிதம்? மின்சார பில்லில்கூட இதைவிட நாலு வார்த்தை கூடுதலாக இருக்கும். உடம்புக்கு ஏதாவதா? தாமு ஏதாவது சொன்னாரா? சோமாவுக்கு ஒன்றும் இல்லையே? எதுவாக இருந்தாலும் எழுது. தபால்காரர் சந்துக்குள் வந்தால் இட்லித் தட்டைப் போட்டுவிட்டு ஓடுகிறேன்.

கவலையுடன்,
பேராச்சி

தாராவி
12.11.2023, தீபாவளி

மாரீஸ்வரிக்கு,

இந்த வீட்டில் எல்லோரும் நலம். அந்த வீட்டிலும் நலமாக இருக்க வேண்டும். மூன்று மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை.

போன வாரம் உன் அத்தான் குழாய் வேலைக்கு அம்பர்நாத் போனார். பஜாரில் தாமு தம்பியைப் பார்த்திருக்கிறார். டீ குடிக்கக் கூப்பிட்டால் தம்பி தலையைக் குனிந்துகொண்டே நின்றாராம். வற்புறுத்திக் கேட்டதில் சொன்னாராம். நாங்கள் வந்துபோன பிறகு ஊர்க் கூட்டம் போட்டீர்கள். இனிமேல் வெளியாள் யாரும் அருவிக்கு வரக் கூடாது, முக்கியமாகத் தாராவிப் பெண்கள் வரக் கூடாது என்று முடிவு செய்தீர்கள். கை தூக்கச் சொன்னபோது நீயும் தூக்கினாய்.

உன் அத்தான் இதைச் சொன்னபோது நான் மோரியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். "சும்மா இருங்க, அவ அப்படிச் செய்ய மாட்டா" என்றேன். அவர் பேசாமல் இருந்தார். அவர் பேசாமல் இருந்தால் விஷயம் உண்மை என்று உனக்குத் தெரியும்.

உன் கல்யாணத்துக்கு நம் ஆட்கள் ஒருத்தரும் வர மாட்டோம் என்றபோது, நான் ஒருத்தி தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு வந்தேன். அதைச் சொல்லிக்காட்டக் கூடாது என்றுதான் இத்தனை வருஷம் இருந்தேன். நாங்கள் என்ன செய்தோம் என்று என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், எனக்கு எதிராக எப்படிடி உனக்குக் கை எழும்பியது?

பேராச்சி

ஆம்பேவாடி
26.11.2023

என் அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் உடம்புக்குச் சுகம். மனசுக்குத்தான் சுகமில்லை. உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. நீ கேட்டது நியாயம். எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

நீங்கள் மடுவில் குளித்துக்கொண்டிருந்தபோதே நான் பார்த்துவிட்டேன். மடுவின் கீழ்க்கோடியில், உங்கள் கண்ணில் படாத பாறை மறைவில், முதலில் சின்ன மீன்கள் தண்ணீருக்கு மேலே வாயைத் திறந்து திறந்து மூடின. பிறகு பெரிய மீன்கள் மல்லாந்து மிதந்தன. முதல் மழைக்கு ஆற்றிலிருந்து முட்டையோடு எதிர்த்து ஏறி வருகிற மீன்கள் அவை. நண்டுகள் தண்ணீரில் இருக்க முடியாமல் பாறைமேல் ஏறி நின்றன. தாமு உன் சீயக்காய்த் தூளை ஒரு சிட்டிகை எடுத்து மோந்து பார்த்தார். "இது மாதிரி காயை இடிச்சுப் போட்டுத்தான் எங்க ஆளுங்க அந்தக் காலத்துல மீன் பிடிப்பாங்க. ஓடுற ஆத்துல போடுவாங்க, அதுவும் ஒரு பிடி. இது மடு. நீங்க ஒரு மூட்டை கொட்டிட்டீங்க" என்றார். மழை விட்டிருந்ததால் மடுவில் தண்ணீர் நகரவே இல்லை. நம் தாமிரபரணியில் எத்தனை பேர் தேய்த்துக் குளித்தாலும் ஆறு இழுத்துக்கொண்டு போய்விடும். அந்தப் பழக்கத்தில்தான் எனக்கும் புத்தி போகவில்லை. மடுவில் இறங்கச் சொன்னதே நான்தானே.

குழாயில் கசப்பும் நுரையுமாக வந்தது. மழை திரும்புகிற வரைக்கும் ஊர் மொத்தமும் கீழ்க் கிணற்றுக்குப் போய்ச் சுமந்து வந்தோம். நான் என் வீட்டுக்கு மட்டும் சுமக்கவில்லை, ஏறி இறங்க முடியாத எல்லா வீட்டுக்கும் சுமந்தேன். நீங்கள் வருவதற்கு முன்னால், "எங்க அக்கா ஷாம்பு கொண்டு வர மாட்டா, எல்லாம் மரத்துல காய்ச்சது" என்று வீடு வீடாகப் பெருமை அடித்தவள் நான்தான். மாமியார் என்னை ஒரு சொல் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

கார்களைத் தடுக்க வேண்டும் என்று ஊரில் முன்பே பேச்சு இருந்தது. மீன் மிதந்ததோடு அது முடிவாகிவிட்டது. வெளியாள் வராவிட்டால் எங்களுக்கும் சோளக்கதிர் இல்லை, டீ இல்லை. அப்படியும் கை தூக்கினார்கள். நான் தூக்காவிட்டால் தண்ணீரைவிட அக்காதான் பெரிசா என்று கேட்டிருப்பார்கள். ஆனால் அதற்குப் பயந்து தூக்கவில்லை. அந்த மீன்களைப் பார்த்துவிட்டு என்னால் கையைக் கீழே வைத்துக்கொள்ள முடியவில்லை. உன்னிடம் சொன்னால் நீ உடைந்துபோவாய் என்று மறைத்தேன். நீ ஒவ்வொரு துண்டு நூலாகப் பொறுக்கியதைப் பார்த்தேனே, எந்த வாயால் சொல்வது?

உன் கோபம் தீரும்வரை என்னைத் திட்டு. பேசாமல் மட்டும் இருக்காதே.

உன் மாரி

தாராவி
7.1.2024

என் கண்ணான தங்கைக்கு,

புது வருஷத்தில் நீயும் உன் வீடும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே உன் அத்தானுக்கு லேசான காய்ச்சல் வந்து போயிற்று, வேறு ஒன்றும் இல்லை.

பதில் எழுத நாளாகிவிட்டது. கோபம் இல்லை. உன் கடிதத்தைப் படித்து முடித்ததுமே அது போய்விட்டது. வெட்கம்தான் போகவில்லை. கடிதத்தைக் குழுவில் வாசித்தேன். கடைசியில் முப்பிடாதியம்மாள், "அப்போ முட்டையும் மீனுமால்லா கொன்னுருக்கோம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். மறுநாள் காலையில் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். "நான் இனிமே வரலை. ஆனா வயசான காலத்துல ஒரு தடவை ஆசை தீரத் தண்ணி ஊத்திக் குளிச்சேன், அதையும் பாவம்னு ஆக்கிட்டியே" என்றாள். அவள் வீட்டில் குடத்தை அடுக்கி வைத்தால் படுக்க இடம் இருக்காது.

இதே யோசனையாக நேற்று மோரியில் உட்கார்ந்து தலைக்கு ஊற்றிக்கொண்டிருந்தேன். சமையல் நடக்கிற அதே அறையில்தானே நமக்கு மோரி? மூலையில் நாலு செங்கல் உயரத்துக்குக் கட்டைச் சுவர். அதற்குள் குளிக்கிறோம், துவைக்கிறோம், மீன் கழுவுகிறோம். என்றைக்காவது ஒரு சொட்டு அழுக்குத் தண்ணீர் அரிசிப் பானைப் பக்கம் வந்திருக்கிறதா? கட்டையைத் தாண்டாது, ஓட்டை வழியாகப் போய்விடும். பத்துக்குப் பத்து அறையில் நமக்குத் தெரிந்த வித்தை, அத்தனை பெரிய மலையில் ஏன் தெரியாமல் போயிற்று? ஈரத் தலையோடு எழுந்து வந்துவிட்டேன்.

அருவிக்கு ஒரு மோரி கட்டுவோம். குடிதண்ணீர்க் குழாய்க்குக் கீழே, ஓடையை விட்டுத் தள்ளி, உங்கள் தரிசு நிலம் இருக்கிறதே, அங்கே. ஓடையிலிருந்து குழாய் போட்டால் சரிவில் தண்ணீர் தானாக இறங்கும், மோட்டார் வேண்டாம். எண்ணெயோ சீயக்காயோ, எல்லாம் அந்தக் கட்டைக்குள். அழுக்குத் தண்ணீர் ஜல்லி போட்ட குழியில் இறங்கி வாழைக்குப் போகட்டும். தலையை அலசி முடித்துவிட்டு, வெறும் உடம்போடு, அதாவது சேலையோடுதான், எண்ணெய் சோப்பு இல்லாமல் அருவிக்குப் போவோம். உங்கள் ஊர் ஒத்துக்கொண்டால்தான். ஒத்துக்கொள்ளாவிட்டால் வர மாட்டோம். ஆனால் கேட்டுப் பார்க்காமல் இருக்க மாட்டேன். உன் அத்தானை அனுப்புகிறேன், இடம் பார்க்க.

உன் மாமியாரிடம் நான் மன்னிப்புக் கேட்டேன் என்று சொல். மராத்தியில் எப்படிச் சொல்ல வேண்டுமோ அப்படிச் சொல்.

அன்புடன் அக்கா,
பேராச்சி

தாராவி
18.2.2024

கொழுந்தியாள் மாரிக்கு,

அத்தான் கணேசபாண்டியன் எழுதுவது. நலம். நீங்களும் நலமாக இருக்கிறீர்கள் என்று நேரில் பார்த்தேன்.

எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. உன் அக்கா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, இதை எழுது அதை எழுது என்கிறாள். நான் வேலை விஷயத்தை மட்டும் எழுதுகிறேன். சரிவு நன்றாக இருக்கிறது. தரிசின் மேட்டுப் பக்கம் மோரி, பள்ளத்தில் குழி. பழைய கட்டடம் இடிக்கிற இடத்தில் கருங்கல் பலகை சொல்லி வைத்துவிட்டேன். கட்டைச் சுவரைத் தாமு தம்பி கட்டட்டும். பலகையை நான் வந்து பதிக்கிறேன். குழாய் வாயில் வலை கட்டாயம் வேண்டும்.

குழுப் பெண்கள் குழாய்களை ஆளுக்கொன்றாக ரயிலில் தூக்கி வருகிறார்களாம். லேடீஸ் டப்பாவில் என்ன சண்டை நடக்கப் போகிறதோ, கடவுள்தான் காப்பாற்ற வேண்டும். உன் மாமியார் என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள். சாப்பிடும்போது மட்டும் எனக்குக் கூடுதலாக ஒரு பாக்ரி ரொட்டி வைத்தாள். கோபம் பாதி போய்விட்டது என்று நான் சொல்கிறேன். உன் அக்கா நம்பவில்லை.

இப்படிக்கு,
கணேசபாண்டியன்

ஆம்பேவாடி
23.6.2024

அன்பான அக்காவுக்கு,

வீட்டில் எல்லோரும் நலம். அத்தான் வந்து பலகை பதித்துவிட்டுப் போனதிலிருந்து சோமா மோரியை விட்டு எழுந்து வருவதே இல்லை.

நீங்கள் குழி வெட்டிவிட்டுப் போன பிறகு கூடிய ஊர்க் கூட்டத்தில், உங்களை அருவிக்கு விட வேண்டும் என்று பேசினேன். இந்தத் தடவை எழுந்து நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி மராத்தியில் பேசினேன். "உன் அக்கா மறுபடியும் எதையாவது கொண்டு வந்து கொட்டினால்?" என்று ஒருத்தர் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் மாமியார் முந்திக்கொண்டாள். "கொட்டினவள்தான் குழி வெட்டவும் வந்திருக்கிறாள். கார்க்காரன் எவனாவது திரும்பி வந்து எட்டிப் பார்த்தானா?" என்றாள். அவளுக்கு உன்மேல் இத்தனை மதிப்பு இருக்கிறது என்று எனக்கே அப்போதுதான் தெரியும்.

மழை ஆரம்பித்த முதல் வாரத்திலேயே வெள்ளம் மோரிக் குழாயை இழுத்துக்கொண்டு போய்விட்டது. என் உயிரே போய்விட்டது அக்கா. யாருக்கும் சொல்லி அனுப்பவில்லை. மறுநாள் பார்த்தால், கூட்டத்தில் கேள்வி கேட்டாரே, அவர் கீழே ஆற்றங்கரையிலிருந்து குழாயைத் தோளில் தூக்கிக்கொண்டு வருகிறார். எல்லோருமாகச் சேர்ந்து பாறைக் கல்லை முட்டுக் கொடுத்து மறுபடி போட்டாயிற்று. இப்போது யானை மிதித்தாலும் அசையாது.

தடையை எடுத்துவிட்டு, உங்களுக்கும் கார்க்காரர்களுக்கும் சேர்த்து ஊர் போட்டிருக்கிற நிபந்தனை இது. ஞாயிற்றுக்கிழமைக்கு இத்தனை பேர் என்று ஒரு அளவு, அதற்கு மேல் வந்தால் திருப்பி அனுப்புவோம். எண்ணெய், சோப்பு, சீயக்காய் எதுவாக இருந்தாலும் மோரிக்கு அப்பால் போகக் கூடாது. பிளாஸ்டிக் உள்ளே வரவே கூடாது. நீங்கள் வருகிற அன்றைக்கு அருவிப் பாதையின் வாசலில் காவல் நிற்பது தாராவிப் பெண்களின் பொறுப்பு. சம்மதம் என்றால் ஆடியில் வா.

இன்னொன்று. மடுவில் இந்த வருஷமும் மீன் ஏறியிருக்கிறது. போன வருஷத்தைவிடக் குறைவுதான். ஆனால் ஏறியிருக்கிறது. எழுதும்போதே கண் நிறைகிறது.

உன் வரவை எதிர்பார்க்கும்,
மாரி

தாராவி
24.7.2024

என் தங்கமே,

எல்லோரும் நல்லபடியாக வந்து சேர்ந்தோம். வீட்டில் அனைவரும் சுகம். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று நீ எங்களை விரட்டியதில் உன்னிடம் பேசவேண்டியதை எல்லாம் பேசாமலே வந்துவிட்டேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

எண்ணெய் தேய்த்துக்கொண்டு மோரிக் கல்லில் வரிசையாக உட்கார்ந்தோமே, குழாய் திறந்ததும் முதலில் முப்பிடாதியம்மாள் தலையில்தான் விழ வேண்டும் என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள். விழுந்ததும் அவள் முகத்தை மேலே தூக்கினாள். கண்ணை மூடிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். "அம்மா, போதுமா?" என்று கேட்டேன். "போதும்னு சொல்ல எனக்கு என்ன கிறுக்கா?" என்றாள். சுப்புலக்ஷ்மி சிரித்த சிரிப்பில் உன் மாமியாரே வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள். பிறகு அவளும் வந்து முழங்காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு எண்ணெய் வைக்கச் சொன்னாளே, அவள் தலைக்குக் கிண்ணத்து எண்ணெய் முழுவதையும் நான் தேய்த்துவிட்டேன். அவ்வளவு சந்தோஷம்.

அதற்குப் பிறகு அருவி. நல்ல மழை பெய்து, போன வருஷத்து மெலிந்த அருவியா இது என்று இருந்தது. அலசிய தலையோடு அத்தனை பேரும் ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டு அடியில் நின்றோம். தண்ணீர் எங்கள்மேல் எப்படி விழுந்ததோ அப்படியே தெளிவாகக் கீழே போயிற்று. நான் வாய்விட்டு அழுதேன். அருவிச் சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது. மடு ஓரத்தில் சோமா என் கையைப் பிடித்து இழுத்துக் குட்டி மீன்களைக் காட்டினான். பாறை நிழலில் கூட்டமாக நின்றன. ஜெயித்துவிட்டோம் என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது.

நீ பார்க்காதது ஒன்று நடந்தது. மத்தியானம் நீங்கள் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்த நேரம், வாசலில் நானும் முப்பிடாதியம்மாளும் காவல். டோம்பிவிலியிலிருந்து ஒரு வேன் வந்தது. நம் ஆட்கள். திருநெல்வேலிப் பேச்சு, பெண்கள் எல்லோர் கையிலும் எண்ணெய்க் கிண்ணம், கூடவே ஒரு பை. நான் மறித்து, "பைக்குள்ள என்ன வச்சிருக்கீங்க?" என்று கேட்டேன்.

முன்னால் நின்றவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "சீயக்காதான் வச்சிருக்கோம். ஷாம்பு கிம்பு ஒண்ணும் கிடையாது. மரத்துல காய்ச்சதுதானே, தண்ணிக்கு என்ன வரப் போகுது?" என்றாள்.

மாரி, நான் போன வருஷம் உனக்கு எழுதியது அப்படியே அவள் வாயில் வருகிறது. கோபம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. அவளைக் கையைப் பிடித்து மடு ஓரத்துக்கு அழைத்துப்போனேன். மீன்களைக் காட்டினேன். போன வருஷம் அதே இடத்தில் என்ன மிதந்தது, யாரால் மிதந்தது என்பதை எதையும் மறைக்காமல் சொன்னேன். மோரி இருக்கிற பக்கத்தையும் கைகாட்டினேன். அவள் பையை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டாள், ஒரு தூள்கூடச் சிந்திவிடக் கூடாது என்கிற மாதிரி. பிறகு வாசலுக்குத் திரும்பி வந்து, வேனில் இருந்தவர்களைப் பார்த்து, "எல்லாரும் இறங்கி அந்த மோரிக்கு நடங்கட்டீ, அங்கன தேய்ச்சு அலசிட்டுத்தான் அருவிக்குப் போகணும்" என்று சத்தம் போட்டாள். நான் போட்டிருந்தால்கூட அவ்வளவு சத்தம் வந்திருக்காது.

போகிற போக்கில் திரும்பி, "ஆமா, நீங்க இந்த ஊரா?" என்று கேட்டாள்.

தாராவி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"ஆமா தாயி, இந்த ஊருதான்" என்று வந்துவிட்டது.

முப்பிடாதியம்மாள் பக்கத்தில் அடுத்து வந்த காரை நிறுத்தக் கையை நீட்டிக்கொண்டிருந்தாள்.

தாமு தம்பியை நான் கேட்டதாகச் சொல். உன் மாமியாருக்கு இன்னொரு பாட்டில் தைலம் வாங்கி வைத்திருக்கிறேன், யாராவது அந்தப் பக்கம் வந்தால் கொடுத்து அனுப்புகிறேன். சோமாவைக் குளிர்ந்த தண்ணீரில் ரொம்ப நேரம் விடாதே.

இப்படிக்கு,
உன் ஊர்க்காரி
பேராச்சி